பதினேழாவது குழி

"கொடியைப் பாக்காதீங்கம்மா. இடது பக்கம் பத்தடி தள்ளி அடிங்க" என்றாள் பைக்காரம்மா.

சாம்பியன் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தாள். கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். பதினெட்டுக் குழிகளில் பதினாறு முடிந்துவிட்டன. சாம்பியனும் அவளோடு ஆடும் இளம்பெண்ணும் இதுவரை சம எண்ணிக்கையில் அடித்திருந்தார்கள். இனி யாருக்கு அடிகள் குறைவோ, அவளுக்கே கோப்பை. சாம்பியனுக்கு வயது முப்பத்தெட்டு. அடுத்த வருடம் ஆட முழங்கால் இடம்கொடுக்காது.

பைக்காரம்மா இந்த மைதானத்தில் இருபது வருடமாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவள். காலையில் சீட்டுக் குலுக்கியதில் சாம்பியனுக்கு வாய்த்தாள்.

"நாலாவது குழி நம்ம வீடு மாதிரி. கண்ணை மூடிட்டுப் போகலாம். ஒன்பதாவது சும்மா மிரட்டும், அவ்வளவுதான். இந்தப் பதினேழுதான் சாதுவா நிக்கிற மாடு. கிட்டப் போனா முட்டித் தள்ளிடும்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். அவள் சொன்னது எதுவும் இதுவரை பொய்க்கவில்லை.

ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த இளம்பெண் மட்டையை ஓங்கும்போதெல்லாம் பைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். இவள் யார் பக்கம்?

"கிட்டக்க இருக்கிற குழிதானே அக்கா? நேரா அடிச்சா கொடிகிட்டயே விழுமே!"

"விழும். அப்புறம் உருளும். கொடிக்குப் பின்னால தரை குளத்தைப் பாத்துச் சரியுது. இங்கேருந்து பாத்தா தெரியாது. நம்பி அடிங்கம்மா."

வருவது வரட்டும் என்று சாம்பியன் இடது பக்கம் அடித்தாள். கூட்டம் 'உச்' கொட்டியது. பந்து விழுந்து, யோசித்து, மெல்ல வளைந்து வந்து கொடிக்கு இரண்டடியில் நின்றது. கைதட்டல் காதைப் பிளந்தது.

இளம்பெண் கொடியைக் குறிவைத்து நேராக அடித்தாள். கொடிக்குப் பக்கத்திலேயே விழுந்த பந்து, உருண்டு உருண்டு குளத்துக்குள் போனது. சத்தம் கேட்டும் பைக்காரம்மா கண்ணைத் திறக்கவில்லை.

குளத்தில் போன பந்தால் இளம்பெண்ணுக்கு அடிகள் கூடிவிட்டன. கடைசிக் குழியை இருவரும் ஒரே எண்ணிக்கையில் முடித்தார்கள். சாம்பியன் ஜெயித்துவிட்டாள்.

"அக்கா, இந்தக் கோப்பை உங்களோடது! வாங்க, சேந்து போட்டோ எடுத்துக்கலாம்."

"நீங்க எடுத்துக்குங்கம்மா, சந்தோஷம்." பைக்காரம்மா அவசரமாகப் பையை இறக்கி வைத்தாள். "நான் கிளம்பறேன். எம்பொண்ணு அங்க தனியா அழுதுட்டு நிக்கிறா."

சாம்பியன் அவள் காட்டிய திசையில் பார்த்தாள். தோற்றுப்போன இளம்பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஐயோ அக்கா... எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? பத்து வருஷமா சொல்றேன்." பைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அம்மா சொன்னா எந்தப் பொண்ணும்மா கேக்கறா?"