தேதி தவறாத உடம்பு

"முகத்துல ஒரு பரு கூட வரலையேக்கா" என்றாள் நாகஜோதி.

பனியன் கம்பெனி நர்ஸ் பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரு போகவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிற பெண்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். வரவில்லை என்று வந்து நிற்பவள் இவள் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் பிள்ளை வேண்டாமென்று நாகஜோதி கருத்தடை மாத்திரை சாப்பிட்டாள். மூன்று மாதம் முன்பு புருஷன் முனீஸும் அவளும் பேசி முடிவெடுத்து நிறுத்தியாயிற்று. அன்றிலிருந்து, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் ஆளுக்கொரு கதை. மாத்திரையை விட்டதும், கூட வேலை பார்க்கும் அனுசுயாவுக்கு முகமெல்லாம் பரு. இன்னொருத்திக்குக் கொத்துக்கொத்தாக முடி கொட்டியதாம். வேறொருத்திக்கு இரண்டு மாதம் விலக்கே வரவில்லையாம்.

நாகஜோதிக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை டாண் என்று வந்து நிற்கிறது.

"மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துருச்சாக்கா? எனக்குப் பிள்ளையே பிறக்காதா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பழனியம்மாள் அவளை உட்கார வைத்தாள். மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்காது, விட்ட சில நாளிலேயே அந்த மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும், பழையபடி ஆக சிலருக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னாள். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பழனியம்மாளுக்கு உறுத்தியது.

"ஏங்கண்ணு, மாத்திரை சாப்பிடறவங்களுக்குத்தான் இப்புடிக் கெழமை மாறாம வரும். நெசமாலுமே நிறுத்திட்டியா?"

"சத்தியமாக்கா. மிச்சம் மூணு அட்டை பீரோவுல அப்படியே கெடக்கு."

அதை எதற்கு வைத்திருக்கிறாய், நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடு என்றாள் பழனியம்மாள்.

கர்ப்பப்பைக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதே போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. கம்பெனி வேனில் வீடு இருக்கும் மண்ணரைக்கு வந்து இறங்கும்போது நாகஜோதி பாட்டே பாடிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் முன்பு கோவில்பட்டியிலிருந்து வந்து கூடவே தங்கிவிட்ட மாமியார் சீனியம்மாள், வழக்கம்போல் பால் தம்ளரோடு வாசலில் நின்றாள். பேரப்பிள்ளை ஆசையில் மருமகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற மாமியார். நாகஜோதி பாலை வாங்கிக் குடித்துக்கொண்டே பீரோவைத் திறந்தாள். மூன்று அட்டையும் காலி.

"அத்தை, இதுல இருந்த மாத்திரை எங்க?"

சீனியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "ரத்தம் ஊற கம்பெனியில குடுத்ததுன்னு அன்னைக்கு நீதான தாயி சொன்ன? முழுங்காம ஒளிச்சு வச்சிருக்கியேன்னு, தெனமும் ஒண்ணு நாந்தான் பொடிச்சு உம் பால்ல கலந்து குடுத்தேன். ஒரு நாள் தவறல. உடம்புல தெம்பிருந்தாத்தான சீக்கிரமா ஒரு பிள்ளை உண்டாகும்?"