முந்தத் தெரியாத பைலட்

“ஏத்துடா! கேப்பு இருக்குது பாரு, உள்ள வுட்டு ஏத்துடா!”

பழமலைநாதன் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். கையிலிருந்த டீயில் பாதி வேட்டியில் கொட்டியது. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை, கண்ணெல்லாம் செல்போனில் இருந்தது.

போனில் தெரிந்தது பெங்களூர் விமான நிலையத்தின் வரைபடம். அதில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டி விமானங்கள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டுவது அவருடைய ஒரே மகன் தமிழ்மணி. எந்த விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும் அந்த ஆப்பை யாரோ அவர் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து, விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளுக்கு எதிரே இருக்கும் மாயவன் டீக்கடையில் தினமும் காலையில் இந்தக் கூத்துதான்.

சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆளா அவர்? இருபத்தெட்டு வருஷம் வேப்பூர் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். முன்னால் ஒரு பஸ் போனால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் பெற்ற பிள்ளையோ, ஓடுபாதைக்குப் போகிற வழியில் திருப்பத்துக்குத் திருப்பம் சைக்கிள் வேகத்தில் போகிறான். இரண்டு வழி சேருகிற இடம் வந்தால் ஓரமாக நின்று, பக்கத்து வழியில் வருகிற விமானத்தை முதலில் அனுப்பி வைக்கிறான்.

“என்னாண்ணே, நம்ம தம்பி இன்னைக்கும் ‘நீங்க போங்க, நீங்க போங்க’தானா?” டீ ஆற்றிக்கொண்டே மாயவன் கேட்டார்.

“ஏர்போர்ட்டு டவர்ல சொன்னாத்தான் நவுர முடியுமாம்டா. ஆனா ‘அவங்க மொதல்ல போவட்டும்’னு இவனே டவருக்குச் சொல்லிடுறானாம். கேட்டா மரியாதையாம்! நான் மரியாதை பாத்திருந்தா இன்னமும் வேப்பூரு போயிச் சேந்திருக்க மாட்டேன்.”

“தெனமும் இப்படித்தானுங்களா?” என்று கேட்டது ஆதிநாராயணன். நல்லூர்க்காரர். பீங்கான் பொம்மை மொத்தமாக வாங்க வேண்டும் என்று ஒரு வாரமாக வந்து போகிறார். பட்டறை பட்டறையாக விலை கேட்கிறார், இங்கே வந்து டீ குடிக்கிறார். பொம்மைதான் இன்னும் வாங்கியபாடில்லை.

“திங்கக்கெழம மட்டும் ஒழுங்கா போனான். எங்கயும் நிக்கல, நேரா போயி ஏறிட்டான். நீங்ககூட லீவுல வந்த பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்திருந்தீங்களே? சந்தோசத்துல எல்லாருக்கும் நான் டீ வாங்கிக் குடுத்தேனே!”

“ஆமாமா, நல்ல டீ,” என்றார் ஆதிநாராயணன்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பையன் பழையபடி நின்றுவிட்டான். புதன்கிழமையும் நின்றான். “இவரு பைலட்டா, டிராபிக் போலீஸா?” என்று யாரோ கேட்க, பழமலைநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் மீசையைத் தொட்டுச் சொல்லிவிட்டார்.

“நாளைக்கு எம் புள்ள முந்தலன்னா, இத எடுத்துடுறேன்டா!”

முப்பது வருஷ மீசை. எதிர்க்கடை சலூன்காரர் சேரன் இன்று காலையிலிருந்தே புது பிளேடு போட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

உண்மையில் பழமலைநாதனின் கவலை மீசையைப் பற்றியதல்ல. மீசை போனால் வளர்ந்துவிடும். பையனுக்கு முப்பத்துமூன்று வயது ஆகிறது. பெண் பார்க்கலாமா என்றால், “இருங்கப்பா, என்ன அவசரம்” என்கிறான். இப்படி ஊரையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் ஒற்றை ஆளாக நின்றுவிடுவானோ என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

“வருது, வருது!” என்றார் மாயவன்.

தமிழ்மணியின் விமானம் வழி சேருகிற இடத்தை நெருங்கியது. பக்கத்து வழியிலிருந்து இன்னொரு மஞ்சள் விமானமும் வந்தது. கடையே போனின் மேல் குனிந்தது.

“போடா கண்ணு, போயிடுடா,” என்று கெஞ்சினார் பழமலைநாதன்.

தமிழ்மணி நின்றுவிட்டான். இன்னொரு விமானம் நிதானமாக அவனைத் தாண்டிப் போய், ஓடுபாதையில் திரும்பிப் பறந்தும் விட்டது.

“அண்ணனுக்கு வழி வுடுங்கப்பா, சலூனுக்குப் போவணும்!” என்று மாயவன் சொல்ல, பெஞ்சு குலுங்கியது.

பழமலைநாதன் போனைச் சட்டைப் பையில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை, ஆனால் முகம் சுண்டிப் போயிருந்தது. இரண்டு அடி வைத்திருப்பார், ஆதிநாராயணன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இத பாருங்க.”

அவர் நீட்டிய போனிலும் அதே ஆப் இருந்தது. இப்போது பறந்து போன விமானம் அதில் தெரிந்தது.

“இத ஓட்டுறது எம் பொண்ணு துர்காங்க.”

பழமலைநாதன் போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அன்னைக்கி இங்க வந்து டீ குடிச்சுதே, அந்தப் பொண்ணா?”

“அதேதான். தம்பி ஒதுங்கி நிக்கிறது அவளுக்கு மட்டுந்தானாம். திங்கக்கெழம அவ லீவு, அதான் நிக்காம போயிட்டாரு. பொம்ம வாங்குறதெல்லாம் சாக்குங்க. ‘அவங்க அப்பாவப் பாத்துப் பேசிட்டு வாங்க’ன்னு அவதான் அனுப்புனா.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் போனை எட்டிப் பார்த்தார்கள். சேரன் மட்டும் விவரம் புரியாமல் எதிரேயிருந்து குரல் கொடுத்தார். “அண்ணே, தண்ணி புடிச்சு வெச்சிட்டேன், வரீங்களா?”

ஆதிநாராயணன் பிடித்த கையை விடவில்லை.

“கல்யாண போட்டோவுக்கு மீச வேணும், சம்பந்தி.”