புழுவுக்கு எந்த எடிஷன்?

"புழு பத்து நாளைக்கு மேல உயிரோட இருக்காது. அதை விக்கிற பெட்டிக்குப் பத்து வருஷ உத்தரவாதம் எதுக்கு, மாரிட்?"

கேட்டுவிட்டு டெல்மர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். தூண்டில்காரர்களுக்கு மண்புழு டப்பா விற்கும் தானியங்கி மெஷின்களைத் தயாரிப்பவர் அவர். வடக்கு விஸ்கான்சினில் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் அவர் மெஷின் ஒன்று நிற்கும். இப்போது புதிதாக நூற்றைம்பது மெஷின்கள். அவற்றுக்குள் ஓடப்போகும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எந்த எடிஷனுக்கு லைசென்ஸ் வாங்குவது என்பதில்தான் தகராறு.

மாரிட் அந்தக் கம்பெனியின் ஒரே இன்ஜினீயர். எங்கேயாவது மெஷின் படுத்துக்கொண்டால் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஒரே மெக்கானிக்கும் அவள்தான்.

"இதைப் படிங்க" என்று ஒப்பீட்டுத் தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உசத்தி எடிஷனுக்குத்தான் அந்தப் பத்து வருஷ உத்தரவாதம், அது நாம சொன்னாத்தான் அப்டேட் ஆகும். சாதா எடிஷன் தனக்குத் தோணின நேரத்துல அப்டேட் பண்ணிக்கிட்டு, பாதியில நட்டுக்கிட்டு நிக்கும். யாராவது போய் அணைச்சுப் போடணும். அந்த யாராவது நான்தான்!"

"அணைச்சுப் போடுறது என்ன பெரிய வித்தையா?"

"போன ஜனவரியில கொட்டுற பனியில நூத்திநாப்பது மைல் போய் அணைச்சுப் போட்டேன். என் பொண்ணு பிறந்தநாள் கேக் வெட்டினதை ஒரு பெட்ரோல் பங்க் வாசல்ல நின்னு போன்ல பார்த்தேன். இன்னொரு குளிர்காலம் அப்படிப் போச்சுன்னா வேலையை விட்டுடுவேன், டெல்மர். சும்மா மிரட்டலை."

"லைசென்ஸுன்னு அந்த சாஃப்ட்வேர்காரன் குடுக்கிறது மெஷின் முதுகுல ஒட்டுற ஒரு ஸ்டிக்கர். சாதாவுக்குச் சாம்பல் கலர், உசத்திக்குத் தங்கக் கலர். அதுக்கு அறுபது டாலர் கூடுதலாம்! என் கல்யாண மோதிரமே அவ்வளவு இல்லைம்மா."

கடைசியில் பந்தயம் என்று முடிவாயிற்று. ஏரிக்கரையில் லவோன் நடத்தும் கடை வாசலில் இடப்பக்கம் ஒரு சாதா, வலப்பக்கம் ஒரு உசத்தி. ஆகஸ்ட் முழுக்க எது அதிகம் விற்கிறதோ, அந்த எடிஷன்தான் நூற்றைம்பது மெஷினுக்கும். செத்துக் கிடக்கும் மெஷின் எப்படிப் புழு விற்கும் என்பது மாரிட்டின் கட்சி.

அந்த மாதம் டெல்மர் தன் தோட்டத்திலிருந்து ஆபீசுக்குக் கொண்டுவந்த தக்காளி ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு இருந்தது. பதிலுக்கு மாரிட் வீட்டுக் கோழி முட்டைகள் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியொரு மஞ்சள் கருவைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார் டெல்மர். தின்னும்போது மட்டும் இருவரும் சண்டை போடவில்லை.

செப்டம்பர் முதல் தேதி காலை லவோன் கடையில் கணக்குப் பார்த்தார்கள். லவோன், டெல்மரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். மெஷின்களை நிரப்புவது அவள், அதில் போகும் புழுவும் அவள் கொட்டகையில் வளர்ந்ததுதான்.

"சாதா, முன்னூத்திப் பன்னண்டு டப்பா!" டெல்மர் ஒரு குட்டி ஆட்டமே போட்டார். "உசத்தி எவ்வளவு? சத்தமா சொல்லு, காது கேக்கலை."

"முன்னூத்திப் பத்து" என்றாள் மாரிட். கம்பெனி கார் சாவியை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

டெல்மரின் ஆட்டம் நின்றுபோனது.

"ஏன்டா டெல்மர்," என்றாள் லவோன், "தினம் காலையில ஆறு மணிக்கு வந்து இந்த இடப்பக்கத்து மெஷினை அணைச்சு அணைச்சு எழுப்பிவிட்டது யாரு, நீயா, உன் ஆவியா? எழுப்பிட்டு, தக்காளிச் செடிக்குப் போட டப்பா டப்பாவா அள்ளிக்கிட்டுப் போனதையும் சொல்லேன்."

டெல்மரின் முகம் அவர் தக்காளி மாதிரியே சிவந்தது.

"முப்பத்தொரு நாள்ல ஒரு நாள்கூடத் தானா முழிக்கலை, சனியன்" என்றார் மெதுவாக. "அஞ்சு மைல் வர்றதுக்கே எனக்கு இடுப்பு கழண்டு போச்சு. நீ பனியில நூத்திநாப்பது மைல்... என்னை மன்னிச்சுடு, மாரிட். என் மெஷின்ல எல்லாம் நானே வாங்கினது. உன்னோடது முன்னூத்திப் பத்தும் நேர்மையா வித்தது."

ஆர்டர் தாளில் உசத்தி எடிஷனுக்கு எதிரே நூற்றைம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை எடுத்து மாரிட்டின் கையில் வைத்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மாரிட் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இந்த ஜனவரியில் அவள் வீட்டிலேயே இருப்பாள், கேக் வெட்டும்போது மகளின் பக்கத்திலேயே நிற்பாள்.

"பார்த்தீங்களா லவோன், நியாயம் ஜெயிச்சுது!"

"ஜெயிச்சுது, ஜெயிச்சுது" என்றாள் லவோன், காலியான டப்பாக்களை அடுக்கிக்கொண்டே. "இந்த ஏரியில தூண்டிலுக்கு உயிர்ப்புழு போடக்கூடாது, ரப்பர்ப் புழு மட்டும்தான்னு மே மாசமே போர்டு வச்சுட்டாங்க. உங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஆள் அந்த மெஷின்களைத் தொடலை. நானா வாயைத் திறந்து டெல்மர்கிட்ட சொல்ல மாட்டேன்... ஆமா, உன் கோழிங்களுக்கு வழக்கம்போல இன்னிக்குச் சாயங்காலமும் பத்து டப்பாதானே?"