மேற்குச் சுவர் ஓரம்

எதிர் பங்களா வாசலில் லாரி வந்து நின்றதுமே வாணிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் பிரம்பு சோபா இறங்கியது. அப்புறம் கண்ணாடி மேஜை, எட்டு நாற்காலி, ஓர் ஊஞ்சல். கடைசியில் பந்தல் அகலத்துக்கு ஒரு குடை. வீட்டுக்குள் போடுவதற்குக்கூட இல்லை. எல்லாம் வெளியே, முற்றத்தில் போடுவதற்கு!

முற்றம் என்றால் கொஞ்சநஞ்ச முற்றமா? சுரங்கம் ஓடின காலத்தில் பெரிய ஆபீசர் இருந்த பங்களா. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் வாணியுடையது மாதிரி நாலு வீட்டை அந்த முற்றத்தில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் கபடி ஆடலாம்.

"வெயில்ல காயறதுக்கு சோபாவாம். கொழுப்பு," என்றாள் வாணி.

"அவங்க காசு, அவங்க வாங்கறாங்க. உனக்கு இன்னாம்மா?" என்றாள் மகள் லதா.

"எனக்கு இன்னாவா? நாளைக்கு நாலு மணிக்கு உன்னைப் பார்க்க பங்காருபேட்டையிலருந்து வராங்கடி. எதிர்ல இந்த தர்பாரைப் பார்த்துட்டு நம்ம வூட்டுல நுழைஞ்சா எவன் மதிப்பான்?"

போன தடவை பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் உட்கார இடமில்லாமல் சந்தில் நின்றபடியே காபி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து பங்களா கேட்டிலிருந்து சாரா கூப்பிட்டாள். உள்ளூர்க்காரன் நோயலைக் கட்டிக்கொண்டு ஓசூரிலிருந்து வந்தவள். வந்து ஒரு மாசம்தான் ஆகிறது.

"அக்கா, கொஞ்சம் வரீங்களா? எதை எங்க போடறதுன்னே புரியல. நாளைக்கு முக்கியமானவங்க வராங்க."

இவளுக்கும் நாளைக்குத்தானா! எரிகிறதில் எண்ணெய் விழுந்தது. ஆனாலும் வாணி போனாள். கிட்டப் போய்ப் பார்த்தால்தானே முழுசாகப் பொறாமைப்பட முடியும்?

சோபாவைத் தொட்டுப் பார்த்தாள். கருநீல மெத்தை, கை வைத்தால் உள்ளே போனது. சே, உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கோபம்.

"இந்த வேப்பமரத்தடியில போடட்டுமாக்கா?"

அதுதான் சரியான இடம். அங்கே மேற்குக் காற்றை வீடே மறைத்துவிடும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனி மாசத்தில் மூன்றரை மணிக்குக் காற்று கிளம்பும். சைனைடு மேட்டு மண்ணை வாரிக்கொண்டு மேற்கிலிருந்து வரும். தங்கம் எடுத்துவிட்டு அந்தக் காலத்தில் கொட்டிய மண், மாவு மாதிரி இருக்கும். கண், மூக்கு, காபி, எதையும் விடாது.

சாரா வந்ததிலிருந்து மழை. மழையில் அந்த மண் அடங்கிக் கிடந்தது. இரண்டு நாளாகத்தான் சுள்ளென்று வெயில்; நாளைக்குள் காய்ந்து பறக்க ஆரம்பித்துவிடும். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"மரத்தடியா? காக்கா அசிங்கம் பண்ணிடும்," என்றாள் வாணி. "மேற்குச் சுவரு ஓரமா போடு. காத்து ஜிலுஜிலுன்னு வரும்."

சொல்லிவிட்டுத் தானே ஒரு பக்கம் பிடித்தாள். சோபாவை அந்த இடுப்புயரச் சுவரோரம் இழுத்தார்கள். அதன் முன்னால் மேஜை, சுற்றி நாற்காலிகள். ஊஞ்சலைக்கூட அங்கேயே தள்ளினாள். முக்கியமானவர்களாம், வரட்டும்! பவுடர் பூசிக்கொண்டு போகட்டும்!

நடுவில் சாராவுக்கு போன் வந்தது. பெங்களூரில் வேலைக்குப் போயிருந்த நோயல்தான். சாரா கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள். "நீங்க சும்மா இருங்க" என்பது மட்டும் வாணிக்குக் கேட்டது.

எல்லாம் முடிந்தது. வாணி கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். வயிறு குளிர்ந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு மூணு மணிக்கே லதாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"இன்னாத்துக்கு? உன் விருந்தாளிக்குப் பரிமாறவா?"

"என் விருந்தாளி இல்லக்கா. உங்க விருந்தாளிங்க."

வாணிக்குப் புரியவில்லை.

"போன தடவை சந்துல நின்னுக்கிட்டே காபி குடிச்சாங்களாமே? லதா சொல்லி அழுதா. இந்த சாமானெல்லாம் அடுத்த மாசம்தான் வர வேண்டியது. கடைக்காரரோட சண்டை போட்டு இன்னைக்கே வரவெச்சேன். நாளைக்கு எல்லாரையும் இங்கயே உட்கார வெச்சுப் பேசலாம்."

"இதை... இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னாமா?"

"முன்னாடியே சொன்னா வேணாம்னுடுவீங்கன்னு லதாதான் சொன்னா. மாப்பிள்ளையோட அம்மாவை இந்த சோபாவுல உட்கார வெச்சிடலாம். பட்டுப்புடவை கட்டிட்டு வருவாங்க இல்ல? ஜிலுஜிலுன்னு இருக்கும்."

பட்டுப்புடவை மேல் சைனைடு மண் வந்து விழுவது வாணியின் கண்ணில் தெரிந்தது. சந்தில் நின்றவர்களாவது காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

"சாரா, இது இங்க வேணாம். மரத்தடிக்கே போட்டுடலாம்."

"காக்கா?"

"காக்கா கிடக்குது வுடு. இது... வாஸ்து. இந்தப் பக்கம் ஆகாது. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

சாரா சிரித்துக்கொண்டே சோபாவின் மறுமுனையைத் தூக்கினாள்.

"நோயல்கூட அப்பவே போன்ல கத்தினாருக்கா, மேற்குச் சுவரு பக்கம் போடாதே, சைனைடு மேட்டு மண்ணு வந்து அடிக்கும்னு. நான்தான் அவரைத் திட்டினேன். பொறந்ததுலருந்து இங்கயே இருக்கிற வாணி அக்கா, தெரிஞ்சுக்கிட்டே நமக்குக் கெட்டது சொல்வாங்களான்னு."