கடைசி பெஞ்சுக்குப் பிறகு

நான்காம் முறையாக அவர் சோப்பை எடுத்தார்.

தேவாலயத்தின் பின்பக்கக் குழாயடியில் முழங்கை வரை நுரை. வலக்கையை முகர்ந்தார், இடக்கையை முகர்ந்தார், மறுபடியும் தேய்த்தார். அவருக்குப் பின்னால், கழிவுநீர்க் குழி இன்னும் மூடப்படாமல் கிடந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொருளாளர் அவரைத் தொலைபேசியில் எழுப்பியிருக்கிறார். குழி நிரம்பி வழிகிறது, ஆராதனை எட்டரைக்கு. கையுறை கிடையாது, முகமூடி கிடையாது, இடுப்பில் ஒரு கயிறுகூடக் கிடையாது. வாரநாளில் நகராட்சிக்காக இறங்கும்போது மேற்பார்வையாளராவது மேலே நிற்பார். இங்கே மேலே இருந்தவை அவருடைய செருப்புகள் மட்டும்.

"நம்ம சபை ஆளுதானே டீச்சர். இதுவும் ஒரு ஊழியம்தான்" என்றார் பொருளாளர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

நான் குழாயடிக்குப் போனேன்.

துண்டை நீட்டினேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நான் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறைக்குள் நுழைந்தேன். திருவிருந்துத் தட்டில் அடுக்கியிருந்த நூற்றிருபது சிறு கண்ணாடிக் கிண்ணங்களையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எல்லாம் புதியவை, இன்றுதான் முதல்முறையாகப் பயன்படவிருந்தவை. அவற்றின் இடத்தில் பழைய வெள்ளிக் கோப்பையை வைத்தேன்.

அறுபது ஆண்டுகளாக இந்தச் சபை அந்த ஒரே கோப்பையில்தான் திருவிருந்தின் திராட்சரசத்தைப் பருகியது. காசநோய் கண்டவர் பருகினார். தும்மிக்கொண்டே வந்தவர் பருகினார். அப்போதெல்லாம் சுகாதாரம் எவர் நினைவுக்கும் வரவில்லை. போன மாதம், திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் பங்குபெறும் உரிமையோடு, குழியில் இறங்கிய இவர் முதன்முறையாக அதில் வாய் வைத்தார். அந்த வாரமே சபைச் சங்கத்தில் தீர்மானம் வந்தது: சுகாதாரம் கருதி, இனி ஆளுக்கொரு சிறு கிண்ணம்.

எவர் பெயரும் அதில் இல்லை. ஒரு பிழையும் இல்லை. எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை.

பொருளாளர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், சின்ன கிளாஸ் எல்லாம் எங்க?"

"அலமாரில. பூட்டியிருக்கேன். சாவி எங்கிட்டத்தான் இருக்கு."

"சங்கம் போட்ட தீர்மானம் டீச்சர் அது."

"தெரியும். வரி வரியாத் தெரியும்."

"வேற யாராவது இப்படிப் பண்ணினா புரியும். நீங்க பண்றதுதான் புரியல." வெளியே போய் ஆர்கன் வாசிப்பவரிடம் சொன்னார்: "காலங்காத்தால டீச்சருக்குப் புரட்சி பிடிச்சிருச்சு."

போதகர் குஷ்டரோகியை இயேசு தொட்டதைப் பற்றி இருபது நிமிடம் பிரசங்கித்தார். எல்லோரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள்.

திருவிருந்துக்கு வரிசைகளை அனுப்பிவைப்பது என் பணி. முதல் பெஞ்சில் தொடங்கிக் கடைசி பெஞ்சு வரை; எல்லோரும் பருகி முடித்த பின் நான். முப்பத்தோர் ஆண்டுகளில் அந்த ஒழுங்கு ஒருமுறையும் பிசகியதில்லை.

இன்று நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

நால்வர் அமரும் பெஞ்சு. போன மாதத்திலிருந்து அவர் மட்டும் அமர்கிறார்.

"முன்னாடி இருக்கறவங்க போகட்டும் டீச்சர்" என்று முணுமுணுத்தார்.

"எந்திரிங்க" என்றேன்.

எழுந்தார். நடுவழியில், அத்தனை கண்களுக்கும் இடையே, சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தார். முழந்தாளிட்டார். பருகினார்.

போதகர் வழக்கம்போல வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, ஒருவர் வாய் வைத்த இடம் அடுத்தவருக்கு வராதபடி கோப்பையைக் கால் வட்டம் திருப்பிக்கொண்டு, அடுத்தவருக்காக நிமிர்ந்து பார்த்தார்.

நான் முதல் பெஞ்சுக்குக் கை காட்டினேன்.

பொருளாளர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். ஒருவருக்கு இருமல் வந்தது. ஓர் அம்மாளுக்குக் குழந்தையை அவசரமாக வெளியே தூக்கிப்போக வேண்டியிருந்தது. குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பெஞ்சு. மூன்றாம் பெஞ்சு. ஒருவரும் அசையவில்லை.

அங்கேயே அவர் முழந்தாளில் இருந்தார். தன்னால்தான் எல்லாம் நின்றுபோனது என்பதுபோல் அவருடைய தலை கவிழ்ந்துகொண்டே போனது.

அத்தனை பேரையும் பெயர் சொல்லி எழுப்பிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை. அந்தத் தீர்மானத்தை எழுதியவள் நான். முன்மொழிந்தவளும் நானே.

குழாயடியில் அவர் சொன்னது இதுதான்:

"சின்ன கிளாஸ் வந்தது நல்லதாப் போச்சு டீச்சர். எனக்கு அப்புறம் குடிக்கறது நீங்க ஒருத்தர்தானே. போன மாசம் தொண்டை வலின்னு குடிக்காமலே போனீங்க. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

நான் நடந்துபோய் அவர் அருகில் முழந்தாளிட்டேன்.

போதகர் நீட்டிய கோப்பையை இரு கைகளாலும் வாங்கினேன். அவர் திருப்பியிருந்த கால் வட்டத்தை, வந்த வழியே திருப்பினேன்.