அரை மூட்டை பிளீச்சிங் பவுடர்

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவள் மேசையை விரலால் தட்டினாள்.

காம்பு சுருண்டது.

காத்திருந்தாள். சுருண்ட காம்பு மெல்ல நீண்டது. அதன் நுனியிலிருந்த மணி வடிவ உடல் மறுபடி வாய் திறந்தது.

உயிரோடுதான் இருக்கிறது.

இருபத்திரண்டு நாளில், ஒரு சொட்டுத் தண்ணீரில், ஒன்றே ஒன்று.

இன்று மாலையோடு அவளுக்கு இங்கே வேலை முடிகிறது.

குடியிருப்பின் நானூறு வீடுகளின் கழிவுநீரும் இந்தச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு வருகிறது. இயந்திரம் காற்றை மட்டும்தான் ஊதும். அழுக்கைத் தின்று தீர்ப்பவர்கள் வேறு. கண்ணுக்குத் தெரியாதவர்கள். ஆறு வருடமாக அவள் வளர்த்த கூட்டம்.

போன மாதம் இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தாள். அப்போது குடியிருப்பின் ஆண்டு விழா வந்தது. தொட்டிப் பக்கம் வாடை அடிக்கிறது என்று யாரோ சொல்ல, சங்கச் செயலாளர் ரங்கதுரை மூன்று மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கினார்.

இரண்டரை மூட்டையே போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்தபோது தொட்டி நீச்சல் குளம் போல மணத்தது. அடியில் எல்லாம் செத்துக் கிடந்தன.

"கெணத்துக்கே போடறோம். சாக்கடைத் தொட்டிக்குப் போட்டா என்னம்மா ஆயிரப் போகுது?" என்றார் ரங்கதுரை.

அவள் பக்கத்துக் குடியிருப்பின் தொட்டியிலிருந்து எட்டு கேன் உயிருள்ள சேறு கேட்டு வாங்கி வந்து ஊற்றினாள்.

ஊற்றிவிட்டால் முடிந்துவிடாது. அதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் அவசரக்காரர்கள் வருவார்கள். கிடைத்ததைத் தின்று, பெருகி, தனித்தனியாக மிதப்பார்கள். தண்ணீர் கலங்கும். வெள்ளை நுரை பொங்கும். பிறகு அவர்களைத் தின்ன, நீந்துகிறவர்கள் வருவார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவர்கள் தப்புவார்கள். கட்டியாகி, கனத்து, அடியில் படிவார்கள். அப்படி ஒரு தரை உண்டான பிறகுதான் காம்பு ஊன்றி நிற்பவர்கள் குடிவருவார்கள். மிச்சமிருக்கும் கலங்கலை அவர்கள் வடித்துத் தின்பார்கள். தண்ணீர் தெளியும்.

யாரையும் முறைக்கு முன்னால் கூப்பிட முடியாது.

ஒன்பதாம் நாள் நுரை தொட்டியின் விளிம்பைத் தாண்டியது. மாடியிலிருந்து யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். 'அந்தம்மாவுக்கு வேல தெரியல' என்று ஒருவர் எழுதினார். கீழே நாற்பத்தொரு கட்டைவிரல்கள்.

நுரை நல்ல அறிகுறி என்று ரங்கதுரையிடம் சொன்னாள். பொறுமையாக, காகிதத்தில் படம் வரைந்து, யார் முதலில், யார் கடைசியில் என்று காட்டினாள். அவர் கைபேசியில் நுரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு கம்பெனிக்கு ஒப்பந்தம் போனது.

அவர்களுடைய ஆள் ஜெபராஜ் நாலு மணிக்கு வந்தான். வெளியேறும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தான்.

"தண்ணி நல்லாத்தானக்கா இருக்குது. எதுக்கு உங்கள மாத்துறாங்க?"

அவள் காற்று ஊதும் இரண்டு இயந்திரங்களையும் காட்டினாள்.

"டைமர் எரிஞ்சு போச்சு. கையாலதான் மாத்தணும். ஆறு மணிக்கு இத நிறுத்திட்டு உடனே அதப் போடுங்க. காத்து இல்லாம ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. எல்லாம் இப்பத்தான் பொறந்ததுங்க."

"சரிங்கக்கா." கைபேசியில் ஏதோ வந்தது. சிரித்துக்கொண்டே இயந்திரங்களுக்குப் பின்பக்கம் போனான்.

மிச்ச அரை மூட்டை மூலையில் இருந்தது.

அவள் கட்டை அவிழ்த்தாள். நெடி மூக்கில் ஏறியது. தொட்டி நாலு எட்டில். மூடி திறந்துதான் இருந்தது. புதிதாய்ப் பிறந்தவர்களுக்கு இதுவே அதிகம்.

நாளைக்குப் பொங்கட்டும் நுரை. புதுக் கம்பெனியைப் படம் எடுக்கட்டும். நாற்பத்தொரு கட்டைவிரல்கள்.

மூட்டையைத் தூக்கினாள்.

விளிம்புவரை போனாள்.

பிறகு இறக்கி வைத்து, வாயை முறுக்கி, முன்பைவிட இறுக்கமாகக் கட்டினாள். இழுத்துக்கொண்டு போய் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஏற்றினாள்.

வாசலில் காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னங்கக்கா, போறப்ப சீரோட போறீங்க?"

"நோட்டுல எழுதிக்குங்க."

அவர் எழுதவில்லை. தடுப்பைத் தூக்கிவிட்டார்.

மதிலை ஒட்டியே சாலை. மதிலுக்கு அந்தப் பக்கம் தொட்டி. காற்று ஊதும் இரைச்சல் அவளோடு கூடவே வந்தது.

மணி ஆறு.

முதல் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

அவள் ஸ்கூட்டரையும் நிறுத்திவிட்டு, மதில் பக்கம் காதைத் திருப்பினாள்.