கடைசி ஐவரில் ஒருத்தி

மேரன் தன் கையில் மாட்டியிருந்த காற்றுப்பையைக் கழற்றி நீட்டியபோது டெஸ்ஸா அதைத் தொடவில்லை.

சும்மா வருகிற சரக்கை இரண்டு தரம் முகர்ந்து பார்க்க வேண்டும்.

பள்ளியின் புல்வெளி முடிந்து தெரு தொடங்கும் ஓரத்தில் இருவரும் நின்றார்கள். மஞ்சள் பேருந்துகள் போய்விட்டன. தெருவுக்கு அந்தப் பக்கம் தேவாலயத்தின் கார் நிறுத்தம். பள்ளிக்குள் துப்பாக்கி வடிவத்தில் வாழைப்பழத்தைப் பிடித்தாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் இந்த மே மாதம் அங்கேதான் கார் நிறுத்துகிறது. பாதிரியார் பாவம், பிரசங்கத்துக்கு வராத கூட்டமெல்லாம் தன் வாசலில் ஒருவரையொருவர் வேட்டையாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாம் வகுப்பு கடைசி மாதத்தில் ஆடும் இந்த ஆட்டம் எளிது. ஒவ்வொருவர் செல்போனுக்கும் ஒரு பெயர் வரும். அந்த ஆளைத் தண்ணீர்த் துப்பாக்கியால் நனைக்க வேண்டும். நனைந்தவர் அவுட். ஒருவரை வேட்டையாட ஒரே ஒருவர்தான். அது யாரென்று மட்டும் தெரியாது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. நீச்சல் குளத்தில் குழந்தைகள் கையில் மாட்டுகிற காற்றுப்பை. அது உப்பியிருக்கும்வரை யாரும் சுடக்கூடாது. ஆறடி உயரக் கால்பந்து வீரன்கூட வாத்துப் படம் போட்ட பையைப் புஜத்தில் மாட்டிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் டோனட் வாங்கப் போவான்.

பெரிய கூட்டமாகத் தொடங்கியது, இப்போது ஐந்து பேர். டெஸ்ஸா ஒருத்தி. மேரன் ஒருத்தி.

நான்கு வருடம் டெஸ்ஸா இந்தப் பள்ளியில் படித்தது யாருக்கும் தெரியாது. போன வருட ஆண்டு மலரில் அவள் படத்துக்குக் கீழே வேறொருத்தியின் பெயர். திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளைத் தவிர. இப்போதோ நடைபாதையில் போனால், "டெஸ்ஸா! இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று முன்பின் பேசாத பையன்களெல்லாம் கையை உயர்த்தி அவள் கையில் தட்டுகிறார்கள்.

ஒரு துளி நனைந்தால் போதும். நாளைக் காலை அவள் மறுபடி பெயரில்லாதவள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய காற்றுப்பை மதியம் லாக்கருக்குள் வாடின கத்தரிக்காயாகக் கிடந்தது. லாக்கர் பூட்டின் எண் அவளுக்கு அடுத்தபடி தெரிந்தவள் மேரன் மட்டும்தான்.

"இது உங்க வீட்டுப் பூனை வேலைடி. பாரு, பல்லுத் தடம்," என்றாள் மேரன்.

தடம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் சேதத்தைத் தானே தேடி எடுத்துக் காட்டுகிறவளை எப்படி நம்புவது?

இரண்டாம் வகுப்பிலிருந்து தோழி. அதனால் என்ன? தெரியாதவனிடம் ஏமாந்தவர்களைவிடத் தெரிந்தவனிடம் ஏமாந்தவர்கள்தான் ஊரில் அதிகம்.

"இதை எனக்குக் கொடுத்துட்டா உனக்கு?" என்றாள் டெஸ்ஸா.

"எனக்கெதுக்கு? என்னை யாரு தேடப்போறா?"

ஐவரில் ஒருத்தியை யாரும் தேடவில்லையாம்! டெஸ்ஸா காற்றுப்பையை வாங்கி, அழுத்தி, மூடியைத் திருகி, காதோரம் வைத்துக் கேட்டாள். காற்று கசியவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது. மாட்டிக்கொண்டாள்.

தெருவைக் கடந்தார்கள். வயலின் பெட்டியை முதுகில் மாட்டியிருந்த மேரனை முன்னால் நடக்கவிட்டு, அவள் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே டெஸ்ஸா பின்னால் போனாள்.

டெஸ்ஸாவின் காருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து லக்ராஸ் விளையாட்டுக் குழுவின் ப்ரோடி உருண்டு வந்தான். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. துப்பாக்கியை நேராக டெஸ்ஸாவின் முகத்துக்கு நீட்டியவன், அவள் கையைப் பார்த்ததும் முகம் தொங்கிப் போனான்.

"அடச்சே! பை ஓட்டையாயிடுச்சுன்னு கேன்டீன் முழுக்கப் பேசிக்கிட்டாங்களே! கடைசி வகுப்பைக் கட் அடிச்சிட்டு இந்த அழுக்குல கெடந்தேன்டி!"

"சோப்பு போட்டுக் குளி, போ," என்றாள் மேரன்.

அவன் காலால் கல்லை எத்திக்கொண்டே போனான்.

டெஸ்ஸா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளை வேட்டையாடியவன் ப்ரோடி. ஒருவருக்கு ஒருவர்தான். அப்படியானால் மேரன் கையில் இருந்தது வேறு யாரோ ஒருவர் பெயர். பூனைதான் கடித்திருக்கிறது. காற்றுப்பையில் சூது இல்லை.

அவள் கார்க் கதவைத் திறந்து குனிந்தாள். இருக்கைக்கு அடியில் அவளுடைய பச்சைத் துப்பாக்கி, காலையிலேயே நிரப்பி வைத்தது. அதை நிரப்பும் முன் செல்போனில் வந்த பெயரை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியிடம்.

நிமிர்ந்தபோது மேரன் காரின் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் எதுவும் இல்லை. புஜத்திலும் எதுவும் இல்லை.

"காலையிலேர்ந்து நீ என் முகத்தையே பாக்கலடி," என்றாள் மேரன், திரும்பாமல். "சுடறதுன்னா சுட்டுடு. முதுகுல மட்டும் வேணாம், வயலின் மாட்டியிருக்கேன்."